கையில் வித்தை, பையில் சான்றிதழ்

மாத்தளை நகரிலிருந்து ஏ-9 நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்பவர்கள் அலுவிகாரையையும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளையும் கடந்து பலாபத்வலவை அடைகிறார்கள். இங்கிருந்து ஒரு பாதை கலேவெலப் பக்கம் பிரிகிறது. பிரதான பாதை நாலந்தை, நாவுல, தம்புள்ளை என்று நீள்கிறது. பாதை நெடுகிலும் மின்கம்பங்கள் கூடவே வருகின்றன. மிளகுக்கொடி படர்ந்த வீட்டுத்தோட்டத்துக்கு மேலாகவும், லயன் கூரைகளுக்கு மேலாகவும் கம்பிகள் ஓடுகின்றன.

இந்தக் கம்பிகளில் ஓடும் மின்சாரத்துக்கும் எமது மாவட்டத்து மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து 1976 முதல் மின்சாரம் தருகிறது. அங்கிருந்து இறங்கும் நீர் போவதென்ன நீர்த்தேக்கத்தில் சேர்ந்து 1981 முதல் மறுபடியும் மின்சாரமாகிறது. அம்பன் கங்கையின் குறுக்கே கட்டப்பட்டு 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்தின் மின் நிலையம் 25 மெகாவாட் திறன் கொண்டது.

இந்த நீர்த்தேக்கங்களுக்காக வயலையும் சேனையையும் வீட்டுத்தோட்டத்தையும் விட்டு எழுந்தவர்கள் விவசாயக் குடும்பத்தினரே. வேறு காரணங்களாலும் பலர் எழுந்தார்கள். 1977, 1983 வன்செயல்களில் உடுத்த துணியோடு வெளியேறிய தோட்டத்துக் குடும்பங்கள் உண்டு. வடக்கில் போரினால் பல முறை ஊர் மாறியவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளால் மலைநாட்டில் வீட்டையும் காணியையும் இழந்தவர்களும் உண்டு. காரணங்கள் பலவானாலும் ஓர் உண்மை பொதுவானது. நிலத்தைத் தோளில் தூக்கிச் செல்ல முடியாது. பிள்ளை கற்ற தொழில் மட்டும் எந்த ஊருக்கும் கூடவே வரும்.

இக்கட்டுரை அத்தகைய ஒரு தொழிலைப் பற்றியது. மின்னிணைப்பாளர் தொழில், எமது பேச்சுவழக்கில் வயரிங் வேலை. அதை எங்கே, எப்படிக் கற்பது, கற்றால் என்ன கிடைக்கும், குடும்பம் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

கையாளாகவே நின்றுவிடும் பிள்ளைகள்

எமது இளைஞர்களில் பலருக்கு வயரிங் வேலை புதிதல்ல. பாடசாலையை விட்டவுடன் ஒரு பாஸின் பின்னால் கையாளாகப் போய்விடுகிறார்கள். சுவரை வெட்டுவது, குழாய் புதைப்பது, கம்பி இழுப்பது, பாஸ் கேட்ட ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பது என்று சில வருடங்கள் ஓடுகின்றன. கை பழகிவிடுகிறது. பத்து வருடம் கழிந்த பின்னும் சிலர் அதே பாஸுக்குக் கையாளாகவே இருக்கிறார்கள். ஏன்?

முதற் காரணம், வேலையின் 'எப்படி' தெரிகிறதே தவிர 'ஏன்' தெரிவதில்லை. இந்த இடத்தில் ஏன் தடித்த கம்பி, அந்த இடத்தில் ஏன் மெல்லிய கம்பி என்று பாஸும் சொல்வதில்லை, பையனும் கேட்பதில்லை. இரண்டாவது காரணம் அதைவிடக் கடுமையானது. அவன் கற்றதற்கு எழுத்தில் சான்று கிடையாது. தெரிந்த ஊரில் நாலு பேர் அவனை நம்புவார்கள். ஊர் மாறினால் அந்த நம்பிக்கை கூட வராது. கம்பனியில் வேலை கேட்டால் சான்றிதழ் எங்கே என்பார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போனாலும் சான்றிதழ் இல்லாதவன் பெரும்பாலும் உதவியாள் சம்பளத்துக்கே எடுக்கப்படுவான்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது மிக முக்கியமான விடயம். நிலையாக ஓரிடத்தில் வாழ்பவருக்கு ஊரார் சொல்லே சான்றிதழ். அடிக்கடி ஊர் மாற நேர்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. கையில் வித்தை இருப்பதோடு பையில் சான்றிதழும் இருக்க வேண்டும்.

தேசிய தொழிற் தகைமை என்றால் என்ன?

இலங்கையில் தொழிற்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இல் ஆரம்பிக்கப்பட்டது. ஆயினும் நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சான்றிதழ் கொடுத்து வந்தது. ஓர் இடத்துச் சான்றிதழை மற்றோர் இடம் மதிக்குமா என்பது நிச்சயமில்லை. இக்குறையைப் போக்கவே 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து தேசிய தொழிற் தகைமை என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இதில் ஏழு மட்டங்கள் உண்டு. முதலாம் மட்டம் தொடக்க நிலை. இரண்டு முதல் நான்கு வரை கைவினைஞர் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமமானது. மின்னிணைப்பாளராக விரும்பும் பிள்ளை முக்கியமாக அறிய வேண்டியவை மூன்றாம், நான்காம் மட்டங்கள். மூன்றாம் மட்டம் பெற்றவர் ஓரளவு மேற்பார்வையின் கீழ் வேலை செய்யக்கூடியவர் என்றும், நான்காம் மட்டம் பெற்றவர் தனித்து நின்று வேலையைப் பொறுப்பேற்கக் கூடியவர் என்றும் கருதப்படுகிறார்.

இது ஓர் ஏணி. ஒரு படியில் ஏறி, சில காலம் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிவிட்டு, அடுத்த படிக்கு மீண்டும் வரலாம். ரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த ஏணியின் மேற்படியாக அமைக்கப்பட்டது. க.பொ.த. உயர்தரத்தில் பல்கலைக்கழக வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைக்கு எல்லாக் கதவும் மூடிவிட்டன என்று பெற்றோர் கலங்கத் தேவையில்லை.

வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள்?

வயரிங் வேலைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எமது வீடுகளிலிருந்தே ஓர் உதாரணம் எடுப்போம்.

இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 2000 வாட் கேத்தல் ஒன்றைப் போட்டால் எவ்வளவு மின்னோட்டம் செல்லும்? 2000ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.7 அம்பியர். அதே நீட்டிப்பு வயரில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 700 வாட் சோறு சமைக்கும் குக்கரையும் செருகினால் மொத்தம் 3700 வாட். அதாவது ஏறக்குறைய 16 அம்பியர். அந்த வயரின் முனையில் இருப்பதோ 13 அம்பியர் பிளக். வயரோ மின்குமிழுக்கு வாங்கிய மெல்லிய வயர். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். மேலுறை உருகி, பக்கத்தில் பலகையோ துணியோ இருந்தால் தீப் பிடிக்கிறது.

லயன்களில் தீ விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் 'மின்கசிவு காரணமாக இருக்கலாம்' என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் பல வேளைகளில் இருக்கிறது. ஓர் அறைக்கு என்று போட்ட பழைய வயரிங்கில் பின்னால் கட்டிய குசினியும் அடுத்த அறையும் தொங்குகின்றன. ஒரு வீட்டுக் கூரையில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்துவிடுகிறது. அந்த லயனிலேயே கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் எத்தனை குடும்பங்களுக்குப் பாதுகாப்பு!

இந்தக் கணக்கு தெரிந்தவருக்குக் கம்பியின் அளவும் விளங்கும். மின்குமிழ்ச் சுற்றுக்கு எமது கடைகளில் 1/1.13 என்று கேட்டு வாங்கும் கம்பி போதும். பிளக் பொயின்டுகளுக்கு 7/0.67 வேண்டும். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் ஓர் இழையின் விட்டம் மில்லிமீட்டரில். பாஸ் சொல்லி வாங்கிய பெயர்கள் பொருளுள்ள எண்களாக மாறுவது வகுப்பறையில்தான்.

கம்பியின் நிறமும் அப்படியே. பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை எர்த். புதிய வயரிங்கில் கபிலம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஒரே வீட்டில் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும்போது, நிறத்தை மட்டும் நம்பிக் கை வைப்பவர் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். பயிற்சி பெற்றவர் நிறத்தைப் பார்ப்பார், பின்பு அளந்து பார்த்தே தொடுவார்.

எர்த் என்னும் புவித்தொடுப்பைப் பற்றி எமது மக்களிடையே அலட்சியம் அதிகம். 'எர்த் இல்லாமலும் லைட் எரியுதுதானே' என்பார்கள். எரியும். ஆனால் இஸ்திரிப் பெட்டியின் உடலில் மின்சாரம் கசிந்தால் அது நிலத்துக்குப் போக ஒரு வழி வேண்டும். எர்த் இருந்தால் அவ்வழியே போய், ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். எர்த் இல்லையேல் அதைத் தொடும் தாயின் உடலே அந்த வழியாகிவிடும்.

ட்ரிப் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது? உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டமும் நொதுமலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக் கொண்டிருக்கிறது. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும். அதாவது ஓர் அம்பியரில் நூற்றில் மூன்று பங்கு. அதில் உள்ள சிறிய சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அந்தச் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பது, நாய் குரைக்கிறது என்று நாயைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது.

விவசாயிக்கும் இந்த அறிவு வேண்டும்

மின்னிணைப்பாளரின் வேலை வீட்டோடு முடிவதில்லை. கிணற்று மோட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு குதிரைவலு என்பது 746 வாட். மின் மாற்றியிலிருந்து தூரத்தில், இணைப்பின் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் மாலை நேரத்தில் வோல்ட் குறைந்து விடுகிறது. வோல்ட் குறையும்போது மோட்டர் அதே சுமையை இழுக்கக் கூடுதல் மின்னோட்டத்தை எடுக்கிறது. சுற்றுக்கம்பி சூடேறி எரிகிறது. 'மோட்டர் மட்டமானது' என்று விவசாயி கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறார். விடயம் தெரிந்தவர் அளவுக்கேற்ற பாதுகாப்புக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தால் மோட்டர் பிழைத்திருக்கும்.

இன்னுமொன்றை மனவருத்தத்தோடு குறிப்பிட வேண்டியுள்ளது. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது சட்டவிரோதம். இதனால் அயலவரும், சில வேளைகளில் கம்பி கட்டியவரும் அவர் குடும்பத்தினருமே உயிரிழந்திருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட மின்வேலியில் அதற்கென்றே செய்த கருவி உண்டு. அது ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு முறை, கண்மூடித் திறக்கும் நேரத்தை விடக் குறைந்த நேரத்துக்கு மட்டும் ஓர் அடி கொடுக்கும். தொட்டவர் அதிர்ந்து விலகிவிடலாம். வீட்டு மின்சாரமோ இடைவிடாமல் பாயும். தசைகள் இறுகிப் பிடித்த கையை எடுக்க முடியாமற் போகும். இந்த வேறுபாட்டை ஊருக்கு எடுத்துச் சொல்ல, கற்ற ஒரு பிள்ளை ஊரில் இருக்க வேண்டும்.

எங்கே கற்பது?

மாத்தளை மாவட்டத்துப் பிள்ளைக்குப் பல வழிகள் உண்டு.

தொழில்நுட்பக் கல்விப் பயிற்சித் திணைக்களத்தின் கீழுள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள் முதல் வழி. கண்டியில் உள்ள தொழில்நுட்பவியல் கல்லூரி டிப்ளோமா மட்டத்திலும் கற்பிக்கிறது. 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகாரசபையின் கிராமிய, மாவட்ட நிலையங்கள் இரண்டாவது வழி. நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை மூன்றாவது வழி. இங்கு பிள்ளை ஒரு வேலைத்தலத்தில் பயிலுநராகச் சேர்ந்து வேலை செய்தபடியே கற்கிறது. இவற்றுக்கு அப்பால் திருச்சபைகளும் துறவற சபைகளும் நடத்தும் பயிற்சி நிலையங்கள் உண்டு. மலையகத்தில் ஹட்டன் பகுதியில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வடக்கில் குடியேறிய எமது உறவினரின் பிள்ளைகளுக்கு, 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஒரு நல்ல வாய்ப்பு.

பாடநெறிகள் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நடக்கும். அதன் ஒரு பகுதி வேலைத்தலப் பயிற்சியாக இருக்கும். இந்தப் பகுதியைத் தட்டிக் கழிக்க வேண்டாம். வகுப்பில் பலகையில் பொருத்திப் பழகிய சுற்று வேறு, மழைக்காலத்தில் ஈரச் சுவரில் பிழை தேடுவது வேறு.

இந்தியாவில் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரில் நடக்கும் முயற்சி இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. அமெரிக்காவில் 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய ஒரு சிறு கல்லூரியே இந்த வகைக் கல்லூரிகளுக்கு முன்னோடி. தமிழ்நாட்டில் சென்னை - மயிலை உயர்மறைமாவட்டம் 1996இல் சென்னை சமுதாயக் கல்லூரியை ஆரம்பித்தது. இயேசு சபைக் குருவான சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இந்த இயக்கத்தை நாடளாவ வளர்த்தவர். படிப்பை இடையில் விட்டவர்களையும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, தொழில் திறனோடு வாழ்க்கைத் திறனையும், பேசிப் பழகும் திறனையும் கற்பித்து, பக்கத்துத் தொழிற்கூடங்களில் பயிற்சிக்கு அனுப்புவது அதன் முறை. பாடத்தை வகுக்கும்போதே வேலை கொடுப்பவரையும் கூட இருத்திக் கலந்து பேசுகிறார்கள். பயிற்சி முடிந்த பின் வேலை தேடும் கஷ்டம் இதனால் குறைகிறது. எமது பங்குகளும் சங்கங்களும் பின்பற்றக்கூடிய வழி இது.

சேருமுன் கேட்க வேண்டியவை

தனியார் நிலையங்கள் பல, வண்ண விளம்பரங்களோடு பணம் வாங்குகின்றன. நல்லவையும் உண்டு, ஏமாற்றுபவையும் உண்டு. ஆகவே பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு அறியுங்கள்.

ஒன்று: இந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? பதிவிலக்கத்தைக் கேளுங்கள். நிலையம் பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடநெறிக்கே தேசிய தொழிற் தகைமை வழங்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டு: எந்த மட்டத்துச் சான்றிதழ்? மூன்றா, நான்கா?

மூன்று: எந்த மொழியில் கற்பிக்கிறார்கள்? எமது பகுதியில் சிங்கள மொழியில் மட்டும் நடக்கும் வகுப்புகள் உண்டு. பிள்ளைக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது என்றால், மதிப்பீட்டைத் தமிழில் செய்ய ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். கடைசி நாளில் கேட்டுப் பயனில்லை.

நான்கு: வேலைத்தலப் பயிற்சியை நிலையமே ஒழுங்கு செய்து தருமா, நாமே தேட வேண்டுமா?

ஐந்து: கட்டணம், உபகரணம், சீருடை, பஸ் செலவு எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு? உதவிப்பணமோ பருவச்சீட்டோ கிடைக்குமா?

இவற்றை விசாரிக்க உங்கள் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். தொழில் வழிகாட்டலுக்கும் திறன் விருத்திக்கும் அங்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழோ பாடசாலைச் சான்றிதழோ தொலைந்திருந்தால் அதையும் அப்போதே சொல்லி மறுபிரதிக்கு விண்ணப்பியுங்கள். பத்திரம் இல்லாத காரணத்தால் பிள்ளையின் ஒரு வருடம் வீணாகக் கூடாது.

வீட்டுக் கணக்கு

இப்போது மிகவும் கடினமான கேள்விக்கு வருவோம். ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்வோம். காணி இல்லை. தகப்பன் நாட்கூலி. தாய் மிளகு பறிக்கவும் கொச்சிக்காய்த் தோட்டத்துக்கும் போகிறார். மூத்த மகனுக்குப் பதினெட்டு வயது. அவனும் கூலிக்குப் போனால் இன்றே பணம் வரும். பயிற்சிக்குப் போனால் ஒரு வருடம் வருமானம் இல்லை, செலவும் உண்டு. 'படிப்பு நல்லதுதான். ஆனால் இன்றைக்கு அரிசிக்கு யார் பணம் தருவது?' என்று அந்தத் தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதை அலட்சியம் செய்து யாரும் அவருக்குப் புத்தி சொல்ல முடியாது.

இதற்குச் சில விடைகள் உண்டு. அரச நிலையங்களில் கட்டணம் குறைவு, இலவசப் பாடநெறிகளும் உண்டு. நைட்டா போன்ற பயிலுநர் முறையில் வேலையோடு கற்கலாம். வார இறுதி வகுப்பு நடக்கும் இடங்களும் உண்டு. சிறு சேமிப்புக் குழுக்கள், பங்குச் சபைகள், மரண உதவிச் சங்கங்கள் ஆகியவை வருடத்துக்கு ஒரு பிள்ளையின் பஸ் செலவைப் பொறுப்பேற்கலாம். அந்தப் பிள்ளை உழைக்கத் தொடங்கியதும் அடுத்த பிள்ளையின் செலவை ஏற்கலாம். பெரிய பணம் தேவையில்லை, ஒழுங்கு தேவை.

குடும்பமும் தனக்குள் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். விதைநெல்லை எவ்வளவு பசி வந்தாலும் குற்றிச் சமைக்காத பரம்பரை எமது விவசாயப் பரம்பரை. பிள்ளையின் பயிற்சி வருடம் விதைநெல் போன்றது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திப் பாஸோடு அனுப்பாதீர்கள். 2016 முதல் இலங்கையில் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். மின்சார வேலை ஆபத்தான வேலை. கணிதமும் விஞ்ஞானமும் ஓரளவாவது தெரிந்த பிள்ளைக்கே பயிற்சியும் பயன் தரும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் ஏற்றதா என்று சிலர் தயங்குகிறார்கள். மின் பலகை பொருத்துதல், கருவிகளைத் திருத்துதல், அளந்து பிழை கண்டுபிடித்தல் ஆகியவற்றுக்கு வேண்டியது கவனமும் பொறுமையும். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் திருத்த வேலைக்கு ஒரு பெண் வந்தால் எத்தனையோ தாய்மார் நிம்மதி அடைவார்கள்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு

முப்பது, நாற்பது வயதைக் கடந்த பலர் எமது மத்தியில் வயரிங் வேலை செய்தே குடும்பம் நடத்துகிறார்கள். இனி வகுப்பில் போய் இருக்க முடியுமா என்று அவர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகவே 'முற்கற்றல் அங்கீகாரம்' என்ற வழி இருக்கிறது. ஆர்.பி.எல். என்றும் சொல்வார்கள். முழுப் பாடநெறியையும் படிக்கத் தேவையில்லை. இதுவரை செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் முதலியவற்றைத் தொகுத்து விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்ட வேண்டும், கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். தேறினால், வகுப்பில் கற்றவருக்குக் கிடைக்கும் அதே தேசியத் தகைமையே கிடைக்கும். ஏதாவது பகுதியில் குறை இருந்தால் அதை மட்டும் கற்று மீண்டும் வரலாம்.

இதைப் பின்போடாமல் செய்வது நல்லது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மின்னிணைப்பாளர்கள் யாவரும் தகைமையும் உரிமமும் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்ற திசையில் பல வருடங்களாக வேலை செய்து வருகிறது. தகைமை இல்லாத பாஸ்மாருக்கு வேலை குறையும் காலம் வரக்கூடும். அப்போது ஓடித் திரிவதைவிட இப்போதே ஆயத்தமாகலாம்.

கற்ற பின்

வீட்டு வயரிங், தேயிலை மற்றும் வாசனைத் திரவியத் தொழிற்கூடங்களின் பராமரிப்பு, தம்புள்ளை, சீகிரியப் பகுதிகளின் ஹோட்டல்கள், அரிசி ஆலைகள், மோட்டர் திருத்தம் என்று வேலைத்தலங்கள் பல. கூரைச் சூரிய மின்சாரம் புதிதாக வளர்ந்த துறை. 2016இல் அரசாங்கம் 'சூரிய பல சங்க்ராமய' திட்டத்தை ஆரம்பித்ததிலிருந்து பல கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறியுள்ளன. ஆனால் அங்கும் பயிற்சி வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும், வெயில் இருக்கும் வரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பழைய அனுபவத்தை மட்டும் நம்பி அதில் கை வைப்பது கூடாது.

தொழிலைத் தொடங்கும் பிள்ளைக்கு நல்ல ஆயுதங்கள் வேண்டும். மேலுறை போட்ட குறடும் ஸ்க்ரூ டிரைவரும், ஒரு மல்டிமீட்டரும், இயலுமானால் மின்கசிவைச் சோதிக்கும் மெகரும் இருக்கட்டும். சிறிய டெஸ்டரின் விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. நிறுத்து, மற்றவர் போடாதபடி பூட்டு, அளந்து பார், அதன் பின்பே தொடு. இந்த ஒழுங்கு எந்த அவசரத்திலும் மாறக் கூடாது. வெள்ளம் புகுந்த வீட்டில் இது இரட்டிப்பு முக்கியம். காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும், சோதித்த பின்பே மெயினைப் போட வேண்டும்.

விவசாயம் தாழ்ந்தது, அதை விட்டு ஓடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. காணி கிடைத்தால் பயிர் செய்யுங்கள். வீட்டில் ஒருவர் மண்ணைப் பார்க்கட்டும், ஒருவர் தொழிலைக் கற்கட்டும். மழை பொய்த்த வருடத்தில் தொழில் கைகொடுக்கும், வேலை குறைந்த மாதத்தில் தோட்டம் கைகொடுக்கும்.

வரும் மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்யட்டும். பாடசாலையை விட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிச் சென்று பயிற்சி பற்றி விசாரியுங்கள். வேலை தெரிந்த பெரியவர் இருந்தால் முற்கற்றல் அங்கீகாரத்துக்கு விண்ணப்பப் படிவம் கேட்டு வாங்குங்கள். இருவரும் இல்லாவிட்டால், உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால், தகைமை பெற்ற ஒரு மின்னிணைப்பாளரை அழைத்துக் காட்டுங்கள். அவர் எமது பிள்ளைகளில் ஒருவராக இருக்கும் நாள் விரைவில் வரட்டும்.